செவிக்குள் பொருந்தும் இயர்போன்கள்: ஒலித்தரம், பொருத்தம், செவிப் பாதுகாப்பு – ஒரு விளக்கம்

2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் இயர்போன், ஹெட்போன் பயன்பாடு குறித்து மாநில அரசுகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் அறிவுரை ஒன்றை அனுப்பியது. தேவையற்ற பயன்பாட்டைத் தவிர்த்தல், தவிர்க்க இயலாதபோது ஒலியளவை 50 டெசிபலுக்கு மிகாமல் வைத்தல், நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தாதிருத்தல், இடையிடையே செவிக்கு ஓய்வளித்தல் ஆகியன அதன் முதன்மையான கூறுகள். செவிக்கு நன்கு பொருந்துகின்ற, இயன்றால் புற இரைச்சலைக் குறைக்கும் வசதியுள்ள கருவிகளைக் குறைந்த ஒலியளவில் பயன்படுத்துமாறும் அவ்வறிவுரை கூறுகிறது.

இவற்றுள் எண்களாகக் கூறப்பட்டவை எளிதில் நினைவில் நிற்கின்றன. பொருத்தம் பற்றிய குறிப்பு எளிதில் மறக்கப்படுகிறது. எனினும், ஒருவர் தம் அன்றாட வாழ்வில் ஒலியளவைக் குறைத்து வைக்க முடியுமா என்பதைப் பெருமளவு முடிவு செய்வது அந்தப் பொருத்தமே. இயர்போன் வாங்குவோர் ஒலித்தரத்தையும் பாதுகாப்பையும் தனித்தனியாகக் கருதுகின்றனர். செவிக்குழாயினுள் செருகப்படும் இயர்போன்களைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒரே காரணியைச் சார்ந்துள்ளன. இக்காரணியை விளக்குவதும், அதன் அடிப்படையில் கருவிகளை ஒப்பிடும் முறையைக் கூறுவதும் இப்பக்கத்தின் நோக்கம்.

பாதுகாப்பான ஒலியளவு எது?

உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியிட்ட உலகச் செவித்திறன் அறிக்கை, பாதுகாப்பற்ற முறையில் ஒலி கேட்கும் பழக்கத்தால் 100 கோடிக்கும் மேற்பட்ட இளம் வயதினர் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் உள்ளதாகக் கூறுகிறது. இத்தகைய அபாயத்தைக் கருத்திற்கொண்டு, அந்நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து, கையடக்க ஒலிக்கருவிகளுக்கென ஹெச்.870 என்னும் தரநிலையை 2019ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தன. அதன்படி, வயது வந்தோருக்கான வரம்பு 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கும் எளிதில் பாதிப்படையக்கூடியோருக்கும் 75 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம்.

டெசிபல் அளவுகோல் சாதாரண எண்ணிக்கை போன்றதன்று. ஒலி 3 டெசிபல் உயரும்போது செவியை அடையும் ஒலியாற்றல் இரு மடங்காகிறது. எனவே பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. 10 டெசிபல் உயர்ந்தால் ஆற்றல் 10 மடங்காகிறது. வயது வந்தோருக்கான வார வரம்பை இக்கணக்கின்படி பின்வருமாறு புரிந்துகொள்ளலாம்:

• 80 டெசிபல் – வாரத்திற்கு 40 மணி நேரம்
• 85 டெசிபல் – ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம்
• 90 டெசிபல் – 4 மணி நேரம்
• 95 டெசிபல் – ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்
• 100 டெசிபல் – ஏறத்தாழ 24 நிமிடம்

மத்திய அரசின் அறிவுரை கூறும் 50 டெசிபலும் பன்னாட்டுத் தரநிலை கூறும் 80 டெசிபலும் வெவ்வேறு நோக்கம் உடையவை. பிந்தையது, ஒரு வாரத்தில் செவி ஏற்கக்கூடிய மொத்த ஒலியின் மேல் எல்லை. முந்தையது, அன்றாடப் பழக்கத்திற்கு எச்சரிக்கையுடன் வகுக்கப்பட்ட இலக்கு. சாதாரண உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல் என்பதால், 50 டெசிபல் என்பது அமைதியான அறையில் மட்டுமே தெளிவாகக் கேட்கும் மெல்லிய ஒலி. போக்குவரத்து நெரிசல் மிக்க சாலையின் இரைச்சல் 80 டெசிபலை ஒட்டி அமைகிறது. அச்சூழலில் 50 டெசிபல் இசை காதில் விழாது. அங்கு பயனாளர் செய்வது, இரைச்சலை விஞ்சும் வரை ஒலியைக் கூட்டுவதே. செவியின் பாதிப்பு பெரும்பாலும் இத்தகைய பேருந்து, தொடர்வண்டிப் பயணங்களில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்கிறது.

பொருத்தம் ஏன் முதன்மையானது?

செவிக்குழாயினுள் பொருந்தும் இயர்போனின் நுனியில் சிலிகான் அல்லது நுரையாலான உறை மாட்டப்பட்டுள்ளது. இவ்வுறை குழாயின் சுவருடன் இடைவெளியின்றிப் படியும்போது இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன.

முதலாவது, புற இரைச்சல் தடுக்கப்படுகிறது. நன்கு படிந்த உறை, இரைச்சலை ஏறத்தாழ 15 முதல் 25 டெசிபல் வரை குறைக்கக்கூடும். இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 80 டெசிபல் இரைச்சலுள்ள பேருந்தில், சரியாகப் பொருந்தாத இயர்போனுடன் பயணிக்கும் ஒருவர் இசையை 85 டெசிபல் அளவில் வைக்கிறார் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 2 மணி நேரம் எனில், வாரத்தில் 14 மணி நேரம் ஆகிறது. பன்னிரண்டரை மணி நேர வரம்பு மீறப்படுகிறது. அதே பயணி, 20 டெசிபல் இரைச்சலைத் தடுக்கும் பொருத்தத்துடன் கேட்டால், செவியை எட்டும் இரைச்சல் 60 டெசிபலாகிறது. இசையை 70 டெசிபல் அளவில் தெளிவாகக் கேட்கலாம். 85க்கும் 70க்கும் இடையேயான 15 டெசிபல் வேறுபாடு, செவி ஏற்கும் ஒலியாற்றலை ஏறத்தாழ 32இல் ஒரு பங்காகக் குறைக்கிறது. 70 டெசிபல் அளவில் வார வரம்பை எட்டுவதற்கு ஒரு வாரத்திலுள்ள மணி நேரங்களே போதா.

இரண்டாவது, தாழ்சுரங்கள் இழக்கப்படாமல் செவிப்பறையை அடைகின்றன. உறைக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே சிறு இடைவெளி இருப்பினும், தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் அதன் வழியே வெளியேறிவிடுகின்றன; உச்ச ஒலிகள் பெரிதும் குறைவதில்லை. விளைவாக, இசை மெலிந்தும் கூர்மையாகவும் ஒலிக்கிறது. மனிதச் செவி குறைந்த ஒலியளவில் தாழ்சுரங்களை இயல்பாகவே குறைவாக உணர்வதால், குறையை ஈடுசெய்யப் பயனாளர் ஒட்டுமொத்த ஒலியையும் கூட்டுகிறார். அப்போது தாழ்சுரம் சிறிதளவே மீள்கிறது. செவிக்கு அதிகத் தீங்கு செய்யும் உச்ச ஒலிகளோ முழு அளவில் உயர்கின்றன. ஒலித்தரம் சரியில்லை என விலையுயர்ந்த கருவிக்கு மாறுவோர் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு அளவுள்ள உறையே.

இன்-இயர் மானிட்டர் எனப்படும் கருவிகள் மேடை இசைக்கலைஞர்களுக்கென உருவானதன் பின்னணியும் இதுவே. மேடையில் தரையில் வைக்கப்படும் ஒலிபெருக்கிகளுக்கு மாற்றாக, மேடை இரைச்சலைத் தடுத்து, தம் குரலையும் இசைக்கருவியையும் கலைஞர் மிதமான அளவில் கேட்க இவை வகை செய்தன. ஆயினும், இரைச்சல் தடுப்பு ஒரு வாய்ப்பை மட்டுமே அளிக்கிறது. ஒலியளவைக் குறைத்து வைப்பது பயனாளரின் பொறுப்பாகவே உள்ளது. முன்பிருந்த அளவிலேயே கேட்பவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

பொருத்தத்தைச் சோதிப்பது எவ்வாறு?

செவிக்குழாயின் அகலமும் வளைவும் ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒருவரின் இடது, வலது செவிகளிலேயே வேறுபாடு இருக்கலாம். எனவே இரு பக்கங்களுக்கும் ஒரே அளவு உறையே வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பின்வரும் முறையைக் கையாளலாம்:

• கருவியுடன் வழங்கப்படும் எல்லா அளவு உறைகளையும் ஒவ்வொரு செவியிலும் தனித்தனியே முயன்று பார்க்கவும்.
• செருகும்போது, எதிர்ப்புறக் கையால் காதின் மேற்பகுதியை மெல்ல மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுக்கவும். செவிக்குழாய் நேராகி, உறை சரியாக அமரும்.
• நுரை உறையாயின், விரல்களால் உருட்டிச் சுருக்கிச் செருகி, அது விரிந்து நிரம்பும் வரை அரை நிமிடம் அசைக்காமல் பிடித்திருக்கவும்.
• மிருதங்கத்தின் தொப்பிப் பக்க ஒலி அல்லது தவிலின் இடப்பக்க ஒலி தெளிவாக அமைந்த பதிவு ஒன்றைக் குறைந்த அளவில் ஒலிக்கவிட்டு, இயர்போனை விரலால் மிக மெல்ல அழுத்தவும். அழுத்தும்போது தாழ்சுரம் திடீரெனப் பெருகினால், அதற்கு முன் உறை முழுமையாகப் படியவில்லை எனப் பொருள்.
• வாயை அகலத் திறந்து மூடியும், தலையை இருபுறமும் திருப்பியும் பார்க்கவும். அப்போது ஒலி மாறினால் வேறு அளவு உறை தேவை.
• குறைந்தது அரை மணி நேரம் அணிந்து பார்க்கவும். வலி, அழுத்தம், எரிச்சல் ஏற்படின், அந்த உறையோ கருவியின் வடிவமோ உங்கள் செவிக்கு ஏற்றதன்று. வலியைப் பொறுத்துக்கொண்டு பழகிவிடலாம் என எண்ணுதல் கூடாது.

பொருத்தம் சரியாக இருக்கும்போது, பேசினால் தம் குரலே தலைக்குள் முழங்குவது போலத் தோன்றும். செவிக்குழாய் மூடப்படுவதால் ஏற்படும் இயல்பான உணர்வு இது, நோயன்று. கழற்றும்போது விரைந்து இழுத்தால் செவிப்பறைமீது அழுத்த மாற்றம் ஏற்படும் என்பதால், மெல்லத் திருகியவாறு வெளியே எடுக்க வேண்டும்.

ஒலித்தரத்தை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

இரு கருவிகளை அடுத்தடுத்துக் கேட்கும்போது, சற்றே உரத்து ஒலிக்கும் கருவி தரமானதாகத் தோன்றுவது மனித இயல்பு. 1 அல்லது 2 டெசிபல் வேறுபாடு கூட உரப்பு மிகுதியாக அன்றி, தெளிவு மிகுதியாகவே உணரப்படுகிறது. ஆகவே, இரண்டும் ஒரே உரப்பில் கேட்கும்படி ஒலியளவைச் சரிசெய்த பின்னரே ஒப்பிட வேண்டும். இவ்வாறு செய்யாமல் தேர்ந்தெடுப்பவர், உரத்து ஒலிப்பதையே நல்லது எனக் கொள்ளும் பழக்கத்திற்கு ஆளாகிறார்.

ஒப்பீட்டுக்கு நன்கு அறிந்த இரண்டு அல்லது மூன்று பதிவுகள் போதும். பெண் குரலில் சகர ஒலிகள் சீறுகின்றனவா, நாகஸ்வரத்தின் உச்சப் பிடிகள் செவியைக் குத்துகின்றனவா, பக்கவாத்தியத்தின் தாழ்சுரம் குரலை மறைக்கின்றதா என்பவற்றைக் கவனிக்கலாம். குறைந்த அளவில் நிறைவாகக் கேட்கும் கருவியே நீண்ட காலப் பயன்பாட்டிற்கு ஏற்றது. நன்றாகக் கேட்க ஒலியைக் கூட்டியே ஆக வேண்டும் என்னும் நிலையை ஏற்படுத்தும் கருவியைத் தவிர்ப்பது நலம்.

கருவிகளின் அதிர்வெண் வரைபடங்கள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. இவை மனிதச் செவிக்குழாயை ஒத்த சோதனைக் கருவியில், முழுமையான பொருத்தத்துடன் எடுக்கப்படுபவை. பயனாளரின் செவியில் உறை சரியாகப் படியாவிடில், வரைபடத்திலுள்ள தாழ்சுரம் அவருக்குக் கிடைக்காது. வரைபடத்தில் 8 கிலோஹெர்ட்ஸ் அருகே தோன்றும் கூரிய முகடு பெரும்பாலும் செருகிய ஆழத்தைப் பொறுத்தது. செவிக்குச் செவி அது இடம் மாறும். 3 கிலோஹெர்ட்ஸ் அருகே காணப்படும் ஏற்றம் குறையன்று. திறந்த செவிக்குழாய் அப்பகுதி ஒலியை இயல்பாகவே பெருக்குகிறது; குழாய் மூடப்படும்போது அவ்வியல்பு மாறுவதால், கருவி அதனை ஈடுசெய்கிறது.

ஒலி எழுப்பும் உறுப்புகள் எத்தனை உள்ளன என்பதை விளம்பரங்கள் முன்னிறுத்துகின்றன. ஒரே ஒரு உறுப்புடன் சிறப்பாக அமைந்த கருவிகளும், பல உறுப்புகள் இருந்தும் சமனற்று ஒலிக்கும் கருவிகளும் உள்ளன. எண்ணிக்கையோ விலையோ தரத்திற்குச் சான்றாகா.

பெட்டியின் மேலுள்ள எண்களைப் படித்தல்

உணர்திறன் என்பது, குறிப்பிட்ட மின்திறனுக்குக் கருவி எழுப்பும் ஒலியின் அளவு. மின்தடை ஒத்த இரு கருவிகளுள் ஒன்றின் உணர்திறன் 1 மில்லிவாட்டிற்கு 100 டெசிபல் எனவும், மற்றொன்றினது 115 டெசிபல் எனவும் இருந்தால், கைபேசியின் ஒலியளவுக் கோடு ஒரே இடத்தில் இருக்கும்போதே இரண்டாவது கருவி 15 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். ஒலியளவை 60 சதவீதத்தில் வைத்தால் போதும் என்னும் பொதுவான அறிவுரை தோராயமானது மட்டுமே என்பதற்குக் காரணம் இதுவே. புதிய கருவியை முதன்முறை இணைக்கும்போது, ஒலியளவை முற்றிலும் குறைத்து வைத்து, பின்னர் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

அதிர்வெண் எல்லையாக 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை எனக் குறிப்பது ஏறக்குறைய எல்லாக் கருவிகளுக்கும் பொது. அவ்வெல்லைக்குள் ஒலி எவ்வளவு சமனாக உள்ளது என்பதை அது கூறுவதில்லை. மின்னணு முறையில் இரைச்சலைக் குறைக்கும் வசதி, பேருந்து எந்திரம், விமானம், மின்விசிறி போன்றவற்றின் தொடர்ச்சியான தாழ் ஒலிகளையே சிறப்பாகக் குறைக்கும். அவ்வசதி இருப்பினும் உறையின் பொருத்தம் தேவை.

ஐரோப்பிய ஒன்றியத்தில், கையடக்க இசைக்கருவிகள் உரத்த ஒலி குறித்துப் பயனாளரை எச்சரிக்க வேண்டும் என்னும் பாதுகாப்புத் தேவையை 2009ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணையம் வகுத்தது. ஹெச்.870 தரநிலையோ ஒரு பரிந்துரை. நாடுகள் தத்தம் சட்டத்தின் வழியே ஏற்கும்போதே அது கட்டாயமாகிறது. எனவே, வாங்குவோர் தாமே சில வசதிகளைத் தேடிப் பார்ப்பது அவசியமாகிறது: வாராந்திர ஒலி அளவைக் கணக்கிட்டுக் காட்டும் வசதி, வரம்பை எட்டும்போது எச்சரிக்கும் வசதி, பெற்றோர் கடவுச்சொல் இட்டு ஒலியளவை வரையறுக்கும் வசதி. ஐபோன்களிலும், 14ஆம் பதிப்பு முதலான ஆண்ட்ராய்டு இயங்குதளத்திலும் ஒலி அளவைக் கணக்கிடும் ஏற்பாடு உள்ளது. இணைக்கப்பட்ட இயர்போனின் உணர்திறனைக் கைபேசி அறிந்திருந்தால் மட்டுமே இக்கணக்கு துல்லியமாக இருக்கும். பிற கருவிகளுக்கு இதனை ஒரு மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

யார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்?

காதில் சீழ் வடிதல், செவிப்பறையில் துளை, செவிக்குழாயில் புண் அல்லது அரிப்பு உள்ளோர், செவிக்குழாயை அடைக்கும் இயர்போன்களை மருத்துவரின் ஆலோசனையின்றிப் பயன்படுத்துதல் கூடாது. காதில் மெழுகு மிகுதியாகச் சேர்வோருக்கு, உறை அதனை உட்புறம் தள்ளி அடைப்பை உண்டாக்கக்கூடும். மெழுகை அகற்றப் பஞ்சுக் குச்சி, ஊக்கு, தீக்குச்சி போன்றவற்றைப் பயன்படுத்துதல் தீங்கானது.

உறைகளைப் பிறருடன் பகிர்தல் தொற்றுக்கு வழிவகுக்கும். கடைகளில் சோதித்துப் பார்க்கும்போது புதிய அல்லது தூய்மை செய்த உறையைக் கேட்டுப் பெறவும். சிலிகான் உறைகளைக் கழற்றி, மென்மையான சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்திய பின் மாட்ட வேண்டும். வியர்வையுடனோ குளித்த ஈரத்துடனோ அணிதல் கூடாது.

நன்கு பொருந்தும் இயர்போன் வாகனங்களின் ஒலியையும் தடுக்கும். சாலையைக் கடக்கும்போதும், இருப்புப்பாதை அருகிலும், வாகனம் ஓட்டும்போதும் அதனை அணிதல் உயிருக்கு ஆபத்தானது. நடந்து செல்வோர் கழற்றி வைப்பதே பாதுகாப்பு.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

காக்ளியா எனப்படும் உட்செவியின் நத்தைச் சுருளில், பிறப்பின்போது ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் உள்ளன. மிகை ஒலியால் அழியும் இச்செல்கள் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை. பாதிப்பு பொதுவாக 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய உச்ச ஒலிகளில் தொடங்குவதால், தொடக்கத்தில் பேச்சு நன்றாகவே கேட்கும். குறை இருப்பது தெரியாது. பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் காலம் தாழ்த்துதல் கூடாது:

• இயர்போனைக் கழற்றிய பின் காதில் இரைச்சல் அல்லது ரீங்காரம் கேட்டல்
• ஒலி மந்தமாக, பஞ்சு அடைத்தாற்போல் கேட்டல்
• கூட்டத்தில் பிறர் பேசுவது விளங்காமை
• முன்பு போதுமானதாக இருந்த ஒலியளவு இப்போது போதாமை

மந்தத் தன்மை மறுநாள் நீங்கிவிட்டாலும், செவி தாங்கும் அளவை ஒலி மீறியது என்பதற்கு அது அடையாளம். ஒரு காதில் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால், அதனை அவசர நிலையாகக் கருதி உடனடியாகக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அணுக வேண்டும். விரைவில் தொடங்கும் சிகிச்சையே பயனளிக்கும் வாய்ப்பு அதிகம்.

2024ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், குறிப்பிட்ட வகை இயர்பட்ஸைச் செவித்துணைக் கருவியாகப் பயன்படுத்த உதவும் மென்பொருளுக்கு முதன்முறையாக ஒப்புதல் வழங்கியது. இலேசானது முதல் மிதமானது வரையிலான செவித்திறன் குறைபாட்டை உணரும் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டுமே அது உரியது. சந்தையில் கிடைக்கும் ஏனைய இயர்போன்களை அவ்வாறு பயன்படுத்துதல் கூடாது.

செவித்திறன் பரிசோதனை வலியற்றது. காது நுண்ணோக்கல் உள்ளிட்ட ஆய்வுகளுடன் குறுகிய நேரத்தில் முடிவது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுகளில் இதற்கான வசதி உள்ளது. பரிசோதனைக்குச் செல்லும்போது, நாள்தோறும் எத்தனை மணி நேரம், எத்தகைய இடங்களில், எவ்வகை இயர்போனைப் பயன்படுத்துகிறீர்கள் என்னும் விவரத்தையும், கைபேசியில் பதிவாகியுள்ள வாராந்திர ஒலி அளவையும் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.